தரை மட்டத்தில் ஒரு கண்

எங்கள் ஊர் டென்ட் கொட்டகையில் எங்களுக்கு எப்போதும் தரை டிக்கெட்தான். உள்ளே நுழைந்ததும் அப்பா செய்கிற முதல் வேலை, இரண்டு கையாலும் மணலை வாரிக் குவித்து ஒரு மேடு கட்டுவது. அதைத் தட்டிச் சமன் செய்து, மேலே தன் துண்டை விரித்து என்னை உட்கார வைப்பார். பின்னாலிருந்து யாராவது சத்தம் போட்டால் ஒரு கை மணலைத் தள்ளிவிட்டு மறுபடி தட்டுவார். படம் தொடங்கும்வரை இந்த அளவெடுப்பு நடந்துகொண்டே இருக்கும். நாலு விரற்கடை உயரம் கூடினால் முன்னாலிருப்பவரின் தலை விலகித் திரை முழுதாகத் தெரியும். குறைந்தால் திரையின் கீழ்ப்பாதி போய்விடும். பார்க்கிற இடம் கொஞ்சம் மாறினால் பார்க்கப்படுவதே மாறிவிடும் என்பதை எந்தப் புத்தகத்திலும் படிப்பதற்கு முன்னால் அந்தக் கைகளிடம்தான் கற்றுக்கொண்டேன்.

அந்த மணல்மேட்டிலிருந்து பார்த்தபோது நாயகர்கள் எல்லோரும் உயரமாக இருந்தார்கள். முதலில் ஒரு செருப்புக்கால் வரும், புழுதி கிளம்பும், பிறகு கேமரா முழங்கால், இடுப்பு, மார்பு என்று ஏறி முகத்தில் போய் நிற்கும். கொட்டகை அதிரும். கேமராவும் தரையில் கிடந்தது, நாங்களும் தரையில் கிடந்தோம். ஊர் எல்லையில் நிற்கும் அய்யனாரையும் தேரில் வரும் சாமியையும் நிமிர்ந்து பார்த்தே பழகிய கழுத்து எங்களுடையது. லோ ஆங்கிள் என்ற பெயர் தெரியாமலே அது எங்களுக்குப் புரிந்தது.

பிற்பாடு சினிமாவைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது இந்த அனுபவம் ஒரு விதியாக எழுதப்பட்டிருப்பதைப் பார்த்தேன். கேமரா கீழிருந்து பார்த்தால் பாத்திரத்துக்கு அதிகாரம். மேலிருந்து பார்த்தால் பலவீனம், தனிமை. கண்மட்டத்தில் நின்றால் சமம். பயிற்சி வகுப்புகளில் முதல் வாரமே சொல்லித் தரப்படுகிற பாடம் இது. பொய்யென்று சொல்ல முடியாது. ஆனால் இதை அகராதிபோல் கையில் வைத்துக்கொண்டு படம் எடுத்தால் காட்சி செத்துப்போகும். படம் பார்த்தாலும் அப்படித்தான்.

நம் வீடுகளில் 'வாங்க' என்றொரு சொல் இருக்கிறது. வாசல்வரை வந்து, முகம் பார்த்துச் சொல்கிற 'வாங்க' ஒன்று. அடுப்படியிலிருந்து குரலை மட்டும் அனுப்புகிற 'வாங்க' இன்னொன்று. சொல் ஒன்றுதான், அகராதியில் பொருளும் ஒன்றுதான். வந்தவருக்குத் தெரியும், அவை இரண்டும் ஒன்றல்ல என்று. சொன்னவர் எங்கே நின்று சொன்னார், இதற்கு முன் இருவருக்கும் நடுவே என்ன நடந்தது என்பதில்தான் அந்த 'வாங்க'வின் பொருள் இருக்கிறது. கேமராவின் கோணமும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். இதைச் சோதித்துப் பார்க்க, நான் வளர்ந்த அந்தத் தரைமட்டத்தையே எடுத்துக்கொள்கிறேன். உயரம் கிட்டத்தட்ட ஒன்றுதான், படங்கள் மூன்று.

*

1941-இல் வெளிவந்த 'சிட்டிசன் கேன்' படத்தை எடுக்கும்போது ஆர்சன் வெல்ஸுக்கு 25 வயது. ஒளிப்பதிவாளர் கிரெக் டோலாண்ட். பத்திரிகை முதலாளியான கேன் ஆளுநர் தேர்தலில் நிற்கிறான். அதற்கான பெரிய பொதுக்கூட்டம் ஒன்று வருகிறது. மேடைக்குப் பின்னால் அவனுடைய பிரம்மாண்டமான முகப் படம், முன்னால் அவன் முழங்குகிறான். வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அந்தக் காட்சி முடிகிற இடத்தில் வெல்ஸ் நம்மை அரங்கின் உச்சிக்குக் கொண்டுபோய்விடுகிறார். அங்கே கேனின் எதிராளி கெட்டிஸ் நின்று கீழே பார்த்துக்கொண்டிருக்கிறான். மேலிருந்து பார்த்தால் மேடையில் கேன் ஒரு விரல் அளவுதான் இருக்கிறான். கெட்டிஸ் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்புகிறான்.

பிறகு கேன் தோற்கிறான். காலியான தேர்தல் அலுவலகம், தரையெல்லாம் காகிதக் குப்பை. பழைய நண்பன் லீலண்ட் குடித்துவிட்டு வருகிறான். அதிகாரத்துக்கு லோ ஆங்கிள், தோல்விக்கு டாப் ஆங்கிள் என்பதுதான் விதி என்றால் இங்கே கேமரா மேலே ஏறியிருக்க வேண்டும். வெல்ஸும் டோலாண்டும் ஸ்டுடியோவின் தரையை உடைத்துப் பள்ளமாக்கி, கேமராவைத் தரைக்கும் கீழே இறக்கினார்கள். நம் முகத்துக்கு நேரே கேனின் கால்கள் வருகின்றன. அவன் தூண்போல நிற்கிறான். படத்தில் அவன் மிகப் பெரியவனாகத் தெரிகிற காட்சிகளில் ஒன்று, அவன் எல்லாவற்றையும் இழந்த இரவில் வருகிறது.

அங்கே இன்னொரு பொருளும் தெரிகிறது, கூரை. அந்தக் காலத்து ஸ்டுடியோ செட்டுகளில் பெரும்பாலும் கூரை இருக்காது. விளக்குகளும் மைக்குகளும் மேலிருந்துதான் இறங்க வேண்டும். கேமராவைக் கீழே வைத்தால் மேல்பக்கம் அம்பலமாகிவிடும் என்பதால் துணியை இழுத்துக் கட்டிக் கூரையாக்கி, மைக்கை அதற்கு மேலே மறைத்தார்கள். அந்தத் துணிக்கூரை கேனின் தலைக்கு மேலே கனமாக உட்கார்ந்திருக்கிறது. அவன் உயரம் மேலே போய் முட்டி நிற்கிறது. மக்களின் உரிமைகளை நீ ஏதோ பரிசு கொடுப்பதுபோல் பேசுகிறாய், அன்பைக்கூட உன் நிபந்தனைகளின்படியே கேட்கிறாய் என்கிற பொருளில் லீலண்ட் அவனிடம் பேசுகிறான். இதை நாம் கேட்பது எங்கேயிருந்து? கேனின் காலடியிலிருந்து. அவன் யாருக்குக் கொடையளிப்பதாக நினைத்தானோ அவர்களின் இடத்தில் கேமரா கிடக்கிறது. வெட்டாமல் நீளும் அந்த ஷாட்டில் குளோசப்புக்குத் தப்பிப்போக அவனுக்கும் வழியில்லை, நமக்கும் வழியில்லை. ஓர் ஆளின் பிரம்மாண்டம்தான் அவனுடைய சிறை என்பதை வசனத்தில் எழுதினால் தட்டையாக இருக்கும். இங்கே அது ஒரு பள்ளமும் ஒரு துணியுமாகச் செய்யப்பட்டிருக்கிறது.

பொதுக்கூட்டத்தில் மேலிருந்து பார்த்திராவிட்டால் அலுவலகத்தில் கீழிருந்து பார்ப்பதற்கு இந்தக் கனம் வந்திருக்காது. ஒரு ஷாட்டின் பொருளில் பாதி அந்த ஷாட்டுக்கு வெளியே, முன்பு வந்த ஷாட்டுகளின் ஞாபகத்தில் இருக்கிறது.

இதற்கு 13 ஆண்டுகளுக்கு முன்பே, 1928-இல், கார்ல் டிரையரும் கேமராவைத் தரைக்குள் இறக்கியிருந்தார். 'தி பேஷன் ஆஃப் ஜோன் ஆஃப் ஆர்க்' கிட்டத்தட்ட முகங்களாலேயே ஆன படம். 1431-இல் நடந்த விசாரணை. சுமார் 19 வயதுப் பெண் ஒருத்தி, அவளைச் சுற்றி நீதி சொல்ல உட்கார்ந்திருக்கும் மதகுருமார்கள். கேமரா அவர்களை அண்ணாந்து பார்க்கிறது. விதிப்படி அதிகாரம் அவர்கள் பக்கம்தான். ஆனால் ஒப்பனையே இல்லாத அந்த முகங்களைக் கீழிருந்து பார்க்கும்போது தாடையின் மடிப்பும் மூக்குத் துவாரமும் மருக்களும் திரையை நிறைக்கின்றன. பெரிதாகத் தெரிவது வேறு, பெரியவராகத் தெரிவது வேறு. குற்றம் சாட்டப்பட்டவளின் இடத்திலிருந்து பார்க்கையில் அதிகாரம் வெறும் சதையாகத் தெரிகிறது. ஜோனாக நடித்த ஃபால்கனெட்டியின் முகத்திலும் ஒப்பனை இல்லை. அந்த முகத்தைப் பார்க்கும்போது சதை நினைவுக்கே வருவதில்லை.

*

மூன்றாவது படத்துக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். யசுஜிரோ ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி', 1953.

ஓசுவின் கேமரா தரையை ஒட்டியே இருக்கும் என்பது சினிமா பேசுகிற எல்லோருக்கும் தெரியும். பாயில் உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டம் என்று அதைச் சொல்வது வழக்கம். உண்மையில் அது அதைவிடவும் கீழே. ஒளிப்பதிவாளர் யூஹாரு அட்சுதா அதற்கென்றே குட்டையான டிரைபாட் வைத்திருந்தார். 1985-இல் வந்த 'டோக்கியோ-கா' என்ற ஆவணப்படத்தில் இயக்குநர் விம் வெண்டர்ஸ் அட்சுதாவைச் சந்திக்கிறார். வயதான அந்த மனிதர் பழைய கேமராவை வைத்து, அதன் வழியே எப்படிப் பார்த்தார் என்று காட்டுவதற்காகத் தரையில் படுக்கிறார். ஓசு இறந்து அப்போது ஏறக்குறைய 20 ஆண்டுகள் ஆகியிருந்தன. தங்கள் வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவர் ஒரு கட்டத்தில் உடைந்து அழுகிறார், பேச்சை நிறுத்திக்கொள்கிறார். ஒரு கேமரா உயரத்துக்காக ஒருவர் ஆயுள் முழுக்கத் தரையில் படுத்தெழுந்தார் என்பதை அங்கே கண்ணால் பார்க்க முடிகிறது.

அந்த உயரத்திலிருந்து பார்த்தால் ஒரு வீடு என்னவாகிறது? தரை ஒரு மெல்லிய கோடாகச் சுருங்குகிறது. தள்ளுகதவுகளின் சட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக நிமிர்கின்றன. உட்கார்ந்திருப்பவர் முழுமையாகத் தெரிகிறார், முழங்காலிலிருந்து உச்சிவரை, தன் இடத்தில். எழுந்து நிற்பவர்தான் சட்டகத்தில் பொருந்தாமல் துருத்துகிறார். அந்த வீட்டின் அளவுகோல் உட்கார்தல். தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, தரையில் படித்து, பிணத்தைச் சுற்றியும் தரையில் உட்கார்ந்து அழுத நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

கதை சிறியது. ஒனோமிச்சி என்ற துறைமுக ஊரில் இருக்கும் ஷுகிச்சியும் டோமியும் டோக்கியோவிலிருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள். மகன் டாக்டர், மகள் சிகையலங்காரக் கடை நடத்துகிறாள். இருவருக்கும் நேரமில்லை. போரில் இறந்த இன்னொரு மகனின் மனைவி நொரிகோதான் லீவு போட்டுவிட்டு இவர்களை ஊர்சுற்றிக் காட்டுகிறாள். பிள்ளைகள் பெற்றோரை அதாமி என்ற கடலோர ஊருக்கு அனுப்பிவைக்கிறார்கள். இரவெல்லாம் விடுதியில் இரைச்சல். காலையில் இருவரும் கடற்கரைச் சுவரில் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டுக்குப் போகலாம் என்று முடிவெடுத்து எழும்போது டோமி ஒரு கணம் தள்ளாடி உட்கார்ந்துவிடுகிறார். உட்கார்ந்திருப்பதே நிலையாக இருக்கும் இந்தப் படத்தில் முதல் விரிசல் எழுந்திருப்பதில் வருகிறது. கேமரா பக்கத்தில் ஓடிப் பார்க்கவில்லை. ஊர் திரும்பிய பிறகு டோமி இறந்துபோகிறார்.

முதல் காட்சியையும் கடைசிக் காட்சியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முதல் காட்சியில் இருவரும் பயணத்துக்கு மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரே பக்கம் பார்த்தபடி, ஒருவர் அருகில் ஒருவராக. ஷுகிச்சி ரயில் அட்டவணையைப் பார்க்கிறார். காற்றுத் தலையணை யாரிடம் இருக்கிறது என்று சின்ன வாக்குவாதம். உன்னிடம் கொடுத்தேன் என்கிறார் இவர், இல்லை என்கிறார் அவர். கடைசியில் அது இவர் சாமான்களுக்குள்ளேயே இருக்கிறது. சன்னல் வழியே பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிறாள். இதில் எதுவுமே முக்கியமாகப் படாது. மறந்தும்விடுவோம்.

இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு அதே அறை, அதே சன்னல், அதே பக்கத்து வீட்டுப் பெண். ஷுகிச்சி கையில் விசிறியோடு தனியாக உட்கார்ந்திருக்கிறார். இப்படி ஆகும் என்று தெரிந்திருந்தால் உயிரோடு இருந்தபோதே அவளிடம் இன்னும் அன்பாக இருந்திருப்பேன் என்கிற மாதிரி ஏதோ சொல்கிறார். தனியாக இருந்தால் பகல் நீளமாகிவிடுகிறது என்கிறார். அந்தப் பெண் போய்விடுகிறாள். அவர் விசிறிக்கொள்கிறார். பக்கத்தில், டோமி உட்கார்ந்திருந்த இடத்தில், பாய்த்தரை மட்டும் இருக்கிறது.

இந்த இடத்தில் அகராதி என்ன சொல்லும்? தனிமைக்கு டாப் ஆங்கிள். பெரிய அறை, நடுவில் சின்னதாக ஒரு கிழவர். இல்லையென்றால் கண்ணீருக்கு ஒரு குளோசப். ஓசு இரண்டையும் செய்யவில்லை. மேலே ஏறினால் பார்க்கிறவர் யார்? அந்த வீட்டில் உத்தரத்தில் உட்கார்ந்து பார்க்க யாருமில்லை. அது துக்கத்தை விட்டு விலகிப்போய், நல்ல படமாகத் தெரிகிற தூரத்தில் நின்றுகொள்வது. கேமரா தரையிலேயே இருப்பதால் அவரோடு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். அது நாம்தான். துக்க வீட்டுக்குப் போனால் நாம் என்ன செய்வோமோ அதைத்தான் அந்தக் கேமரா செய்கிறது. ஒன்றும் பேசாமல், கிளம்ப அவசரப்படாமல், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. கேமரா வேறிடத்துக்குப் போயிருந்தால் அந்த வெற்றிடம் வெறும் தரையாகப் போயிருக்கும். முன்பு இருவர் இருந்த அதே இடத்தை, அதே உயரத்திலிருந்து, கண் நகராமல் பார்ப்பதால்தான் அங்கே ஒருவர் இல்லை என்பது தெரிகிறது. ஒருவர் இல்லாமல்போனதைக் கேமராவால் நேரடியாகப் படம்பிடிக்க முடியாது. இருந்த இடத்தை மறுபடி காட்டத்தான் முடியும். அதற்கு அந்த இடத்தை விட்டு நகராத கண் வேண்டும்.

படம் முழுக்கக் கேமரா ஏறக்குறைய அசைவதே இல்லை. ஆட்கள் பேசும்போது நம் படப்பிடிப்புகளில் சஜஷன் ஷாட் என்று சொல்வார்களே, ஒருவரின் தோளுக்கு மேலாக இன்னொருவரின் முகம், அந்த வழக்கத்தையும் ஓசு பெரும்பாலும் விலக்கிவிடுகிறார். பேசுகிறவர் ஏறக்குறைய நேராக நம்மைப் பார்த்துப் பேசுகிறார். நொரிகோ தன் மனதிலிருப்பதை மாமனாரிடம் சொல்லி அழுகிற இடத்தில் இந்த நேர்ப்பார்வை தாங்க முடியாததாகிவிடுகிறது. ஒளிந்துகொள்ள நமக்கு ஒரு தோள்கூட இல்லை.

*

ஒரே தரைமட்டத்தில், ஓரிடத்தில் கேமரா முதலாளியின் காலடியில் கிடந்தது. ஓரிடத்தில் விசாரிக்கப்படுகிறவளின் பக்கம் இருந்தது. ஓரிடத்தில் மனைவியை இழந்தவரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. கோணத்துக்கென்று தனியாகப் பொருள் கிடையாது. அது ஓர் இடம். அந்த இடத்தில் யார் இருக்கிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள், திரும்ப அங்கே வருகிறார்களா என்பதுதான் பொருளாகிறது. இயக்குநரிடம் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான். கேமராவை எங்கே வைத்தீர்கள் என்பதோடு, அது யாருடைய இடம் என்றும் கேட்க வேண்டும்.

இன்று கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் டிரோன் வருகிறது. சினிமாவில் ஓர் ஊரை அறிமுகப்படுத்த வேண்டுமென்றாலே வானத்திலிருந்து இறங்குகிறார்கள். கருவியின்மேல் எனக்கு வருத்தமில்லை. பறவைக்கும் ஓர் இடம் உண்டு, வெள்ளத்தில் மொட்டைமாடியில் சிக்கியவரைத் தேடுகிற கண்ணுக்கும் ஓர் இடம் உண்டு. யாருடைய இடமும் இல்லாத உயரத்திலிருந்து வருகிற படங்களைப் பார்க்கும்போதுதான் மனசு ஒட்டாமல் போகிறது. தேரும் சவ ஊர்வலமும் அங்கிருந்து ஒன்றுபோலத் தெரிகின்றன. குறும்படம் எடுக்க வருகிற இளைஞர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். வெல்ஸுக்குத் தரையை உடைக்க வேண்டியிருந்தது. உங்கள் கையில் இருப்பது செல்போன். நீங்கள் உட்கார்ந்தால் போதும்.

இதைச் சொல்கிற நானே உட்காரவில்லை என்பது போன மார்கழியில்தான் தெரிந்தது. அப்பா போய் ஆறு வருஷமாகிறது. அம்மா ஊர்வீட்டில் இருக்கிறாள். என் போனில் அவளுடைய படங்கள் நாற்பது, ஐம்பது இருக்கும். எல்லாம் நான் எடுத்தவை, எல்லாமே நின்றுகொண்டு எடுத்தவை. அவள் கூடத்தில் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள், நான் போகிறபோக்கில் எடுத்திருப்பேன். அவற்றில் அம்மாவின் நடுவகிடு தெரிகிறது, முறம் தெரிகிறது, சிமெண்டுத் தரை நிறையத் தெரிகிறது. அன்றைக்கு என் ஐந்து வயது மகள் போனைப் பிடுங்கிக்கொண்டு போய், பாட்டிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு படம் எடுத்தாள்.

அதில் தரை ஒரு கோடு. முறத்தின் விளிம்பும் முருங்கைக் கொத்தும் முன்னால் பெரிதாக இருக்கின்றன. அதற்கு மேலே அம்மாவின் முகம், நேராக. அவளுக்குப் பின்னால் கூடத்துச் சுவர். அந்தச் சுவரில், அம்மாவின் தலைக்கு வலப்புறம், கிட்டத்தட்ட அதே உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புக் கறை. அப்பா தலைக்கு நல்லெண்ணெய் வைப்பவர். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த இடத்தில் சாய்ந்துதான் பேப்பர் படிப்பார். எத்தனை பொங்கலுக்கு வெள்ளையடித்தாலும் எண்ணெய்க் கறை மறுபடி மேலே வந்துவிடும். நின்றுகொண்டு எடுத்த என்னுடைய படங்கள் ஒன்றில்கூட அது இல்லை. உட்கார்ந்திருப்பவரின் தலை உயரத்துக்குக் கேமரா இறங்கிய அன்றுதான் அது தெரிந்தது.

கறைக்கும் அம்மாவின் தலைக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி இருக்கிறது. கூடம் முழுக்க இடம் காலியாகக் கிடந்தாலும், அம்மா நடுவில் நகர்ந்து உட்காராமல், எப்போதும் உட்காருகிற தன் இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.